ராயடில்யோ சீருடைக்கும் மவுசர் மாதிரிக்கும் முன்பணம் கட்டப்போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

பிலிப்பைன்ஸில் இருக்கும் தமிழர்களில் வரலாற்று மீள்நடிப்பில், அதாவது பழைய சண்டைகளை அந்தக் காலத்து உடையில் நடித்துக்காட்டுவதில், ஆர்வம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் இருந்தாலும் அவருக்காக இதை எழுதுகிறேன். ராயடில்யோ என்ற கோடுபோட்ட பழைய படைச் சீருடைக்கும் மவுசர் துப்பாக்கி மாதிரிக்கும் என்று நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போட்ட பணத்தில் 41,000 பெசோ போய்விட்டது. பணம் போனதுகூட ஒரு பக்கம். அந்த ஆள் அனுப்பிய ஒரு பொருளால் எங்கள் குழுவில் ஒரு பையன் ஒரு மதியம் முழுக்கக் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு இந்த ஆர்வம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் மகாட்டியில் வேலை பார்க்கிறேன். மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்றோர் ஊர். 1762-ல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்க வந்த படை சென்னையிலிருந்துதான் கப்பலேறியது. அதில் வந்த சிப்பாய்கள் சிலர் திரும்பிப் போகாமல் கைந்தாவிலேயே தங்கிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரைப் பார்க்கப் போனேன். அங்கே பழக்கமான ஒருவர், வயதில் மூத்தவர், நான் கூயா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை ஜூன் 12 அன்று கவிட்டே மாகாணத்துக்கு, புரட்சித் தலைவர் அகினால்டோவின் வீட்டுக்கு அழைத்துப்போனார். 1898-ல் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் என்று பிரகடனம் வாசிக்கப்பட்ட வீடு அது. வெள்ளைத் துணியில் மெல்லிய நீலக் கோடு போட்ட சீருடையில், வெறுங்காலுடன், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருபது முப்பது பேர் நின்றார்கள். பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அடுத்த மாதமே அவர் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

நாங்கள் குறிவைத்தது ஏப்ரல் 23. புலக்கானில் இன்று பிளாரிடெல் என்று அழைக்கப்படும் ஊருக்கு அன்றைய பெயர் கிங்குவா. 1899-ல் அதே நாளில் அங்கே பிலிப்பைன்ஸ் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த சண்டையில்தான் அமெரிக்கக் கர்னல் ஸ்டாட்சன்பர்க் கொல்லப்பட்டார். அந்த நாளுக்கு எங்களில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குச் சீருடை வேண்டும். துப்பாக்கி மாதிரி குறைந்தது இரண்டு வேண்டும்.

இணையத்தில் ஒரு விற்பனையாளர் கிடைத்தார். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் கண்ணைப் பறித்தது. முதல் படமே ஒரு பழைய வீட்டின் சிப்பி ஜன்னல் (கண்ணாடிக்குப் பதில் சிப்பி பதித்தது), அதன் முன்னால் தொங்கும் ராயடில்யோ மேற்சட்டை. இடது முழங்கையில் கையால் தைத்த ஒட்டு. உண்மையிலேயே யாரோ போட்டுப் புழங்கிய சட்டை என்று பார்த்தவுடன் தெரியும். அந்த ஒரு படம்தான் என்னை விழுத்தாட்டியது.

பேச்சும் அப்படித்தான். வாக்கியத்துக்கு ஒரு 'போ' (தகலோகில் நம் 'ங்க' போல மரியாதைச் சொல்) போட்டு அவ்வளவு மரியாதை. சீருடை ஒன்று 4,500 பெசோ. ஆறுக்கு 27,000. 'ஸ்பானிய மவுசர் 1893' மாதிரி ஒன்று 14,000. இரண்டுக்கு 28,000. 1898 கொடி 1,000. மொத்தம் 56,000, மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும், இப்போது 41,000 கட்டினால் போதும் என்றார். துணியில் ஒரு துண்டு வெட்டி முதலில் அனுப்புங்கள் என்று கேட்டேன். "கூரியரில் வருவதற்கே நாலு நாள் ஆகும், உங்களுக்குத்தான் நேரம் இல்லையே" என்று சொல்லிவிட்டு ஒரு வீடியோவை அனுப்பினார். பணம் போட வேண்டிய கணக்கு வேறு ஒருவர் பெயரில் இருந்தது. அக்கா கணக்கு என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிகழ்ச்சி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் அனுப்பிவிட்டேன். மற்ற ஐந்து பேரும் என்னை நம்பித்தான் பணம் கொடுத்திருந்தார்கள்.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. ஆறு சீருடைக்கு நான்கு. இரண்டு துப்பாக்கிக்கு ஒன்று.

ராயடில்யோ என்றால் என்னவென்று சொன்னால்தான் நான் பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் புரியும். அது பருத்தித் துணி. வெள்ளையில் நீல நூலை ஊடே கொடுத்து நெய்த நுணுக்கமான கோடுகள். தூரத்தில் நின்று பார்த்தால் கோடு தெரியாது, வெளிர் நீலச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்த ஸ்பானியப் படை வெப்பத்துக்காக உடுத்திய துணி அது. பிறகு பிலிப்பைன்ஸ் குடியரசின் படையும் அதையே தன் சீருடையாக்கிக்கொண்டது. எதிரியின் துணியைத் தன் கொடியின் கீழ் உடுத்தியவர்களின் கதை அந்தக் கோடுகளில் இருக்கிறது.

எனக்கு வந்தது பாலியஸ்டர். கோடுகள் பென்சில் பருமன். மெத்தை உறைக்குப் போடும் துணி போல இருந்தது. உள்பக்கம் திருப்பினேன், வெறும் வெள்ளை. கோடு நெய்ததல்ல, மேலே அச்சடித்தது. மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். இது சுருண்டு கறுப்பு மணியாக உருகி நின்றது. தோள்பட்டைகளை வெல்க்ரோ வைத்து ஒட்டியிருந்தார். வெட்டு பள்ளிக்கூடச் சட்டையின் வெட்டு. கொடியை விரித்தால் அதிலும் தவறு. 1898-ல் ஹாங்காங்கில் மார்செலா அகொன்சில்யோ தன் மகளோடும் தேசத் தியாகி ரிசாலின் சகோதரி மகள் டெல்ஃபினாவோடும் சேர்ந்து தைத்த கொடியில் சூரியனுக்கு முகம் உண்டு. எனக்கு வந்தது கடையில் நூறு இருநூறுக்குக் கிடைக்கும் இன்றைய கொடி.

துப்பாக்கிதான் மோசத்திலும் மோசம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே ஸ்பானியர் கையில் இருந்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று ரெமிங்டன் ரோலிங் பிளாக், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, பின்னால் பெரிய சுத்தியல், சுட்டால் கரும்பொடி என்பதால் வெள்ளைப் புகை மண்டும். இன்னொன்று 7 மில்லிமீட்டர் மவுசர் 1893, ஐந்து தோட்டா, புகையில்லா வெடிமருந்து. புரட்சிப் படை கைப்பற்றியும் வாங்கியும் பயன்படுத்தியதும் பெரும்பாலும் இவைதாம். எனக்கு அனுப்பியது ஜெர்மன் கார் 98கே-யின் ஏர்சாஃப்ட் பொம்மை, பிளாஸ்டிக் குண்டு சுடுவது. 1935-ல் ஜெர்மனி ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது! மவுசர் 1893-இன் போல்ட் கைப்பிடி (தோட்டா ஏற்ற இழுப்பது) நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கார் 98கே-யில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். 1893 ஏறத்தாழ 123 செ.மீ. நீளம், இது 111 தான். பின்கட்டையில் வார் நுழைய ஒரு பிளவு இருந்தால் கையிலேயே எடுக்காதீர்கள். இந்த மூன்றையும் படத்திலேயே பார்த்துவிடலாம். அவர் பக்கத்தில் போட்டிருந்த துப்பாக்கிப் படங்களில் போல்ட் பக்கம் ஒன்றில்கூடத் தெரியவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதைவிட ஆபத்தான வேலை ஒன்றும் செய்திருந்தார். குழல் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும், பொம்மை என்று தெரிவதற்காக. அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார். ரசீது இல்லை, பதிவுக் காகிதம் இல்லை.

நாங்கள் அதை உடனே கவனிக்கவில்லை. ஒத்திகைக்கு வேனில் போகும்போது புலக்கானில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பின்சீட்டில் போர்வை சுற்றிக் கிடந்ததைக் காவலர் எடுத்தார். காகிதம் எங்கே என்றார். எங்கள் கையில் இருந்த கடிதம் நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் உள்ளூர் காவல் நிலையத்துக்குக் கொடுத்தது. துப்பாக்கி யார் பெயரில் வந்ததோ அந்தப் பையனை நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். காவலர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் செய்தது சரிதான். இங்கே ஏர்சாஃப்ட் என்றாலும் காவல்துறையின் துப்பாக்கி மற்றும் வெடிபொருள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், எடுத்துச்செல்லத் தனி அனுமதி வேண்டும். மே மாதம் தேர்தல் வரும் ஆண்டென்றால் இன்னும் கவனம்: ஜனவரியிலிருந்து ஜூன் வரை தேர்தல் ஆணையத்தின் துப்பாக்கித் தடை இருக்கும், அதில் ஏர்சாஃப்டும் மாதிரிகளும் அடக்கம். ஏப்ரல் நிகழ்ச்சி சரியாக அந்தக் காலத்துக்குள் விழும்.

நிலையத்தில் காத்திருந்தபோது பையனின் அம்மாவுக்கு போன் செய்ய வேண்டி வந்தது. அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். மாலை ஐந்து மணிக்கு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு பையனை விட்டார்கள். துப்பாக்கியை வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெஞ்சில்தான் கூயா எனக்கு வைல்ட்மேன் கதையைச் சொன்னார். 1898-ல் ஹாங்காங்கில் அமெரிக்கத் துணைத் தூதராக (கான்சல்) இருந்தவர் ரவுன்ஸ்வெல் வைல்ட்மேன். துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி அகினால்டோ தரப்பு அவரிடம் முதலில் 50,000 பெசோ கொடுத்தது. 2,000 துப்பாக்கியும் 2,00,000 தோட்டாவும் வந்து சேர்ந்தன. அதை நம்பி அடுத்த தவணைக்கு 67,000 கொடுத்தார்கள். பொருளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை என்று அகினால்டோவே எழுதிவைத்திருக்கிறார். வைல்ட்மேன் 1901-ல் சான்பிரான்சிஸ்கோ அருகே கப்பல் மூழ்கி இறந்தார். "அவர்களுக்கு அந்தத் துப்பாக்கி இல்லாததால் உயிர் போனது, நமக்குப் பணம்தானே" என்றார் கூயா. என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. துப்பாக்கி இல்லாமல் போலோ கத்தியோடு நின்ற அந்த மனிதர்களின் பெயரைச் சொல்லித்தானே இந்த ஆள் காசு பார்க்கிறார்?

அன்று இரவே விற்பனையாளருக்கு எழுதினேன். தையல்காரர் தவறு என்றார். இன்னும் 6,000 கட்டினால் 'முதல் தரம்' அனுப்புகிறேன் என்றார். மீதி இரண்டு சீருடை, இன்னொரு துப்பாக்கி எங்கே என்று கேட்டதும் என்னைத் தடை செய்துவிட்டார்.

கிங்குவா நாளில் நாங்கள் ஆறு பேரும் போலோக்காரர்களாகப் போனோம். சாதாரண வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை மடித்த கால்சட்டை, வெறுங்கால், கையில் மரத்தில் செதுக்கிய போலோ. 1899-லும் துப்பாக்கி கிடைக்காமல் அப்படி நின்றவர்கள் ஏராளம், ஆகவே அது பொய்யான வேடமில்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: முதல் ஆண்டு போலோவோடு போங்கள். செலவு 1,000 பெசோவுக்குள் முடியும். சீருடையை அவசரமில்லாமல் தேடலாம்.

தேடும்போது சட்டையைத் தேடாதீர்கள், துணியைத் தேடுங்கள். நாங்கள் பிறகு டிவிசோரியா சந்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து நெய்த கோட்டுப் பருத்தி கண்டுபிடித்தோம். கோடு நூறு சதவீதம் அந்தக் காலத்து அளவு இல்லை, ஆனால் பத்தடி தள்ளி நின்றால் சாம்பல் நீலமாகத் தெரிகிறது. கையோடு எடுத்துப்போங்கள் ஒரு தீப்பெட்டி. நல்ல கடைக்காரர் ஒரு நூல் தரமாட்டேன் என்று சொல்லமாட்டார். வாங்கியதும் தைக்கக் கொடுக்காமல் முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், பருத்தி சுருங்கும். குழுவில் மூத்த ஒருவரின் சட்டையை மாதிரியாகக் கொடுத்து நம் தெருத் தையல்காரரிடமே தைத்தோம். ஆளுக்கு 3,200 ஆனது. அளவும் சரி, வெட்டும் சரி.

துப்பாக்கிக்கு மரமே நல்லது. லகுனாவில் பாயெட்டே என்ற ஊர் மரச்செதுக்கலுக்குப் பெயர் போனது. அந்தப் பக்கத்துக் கைவினைஞர் ஒருவரிடம் அளவு வரைந்து கொடுத்து ஒரு ரெமிங்டன் செய்யச் சொல்லியிருக்கிறோம். பாதி செதுக்கியதை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பணம் கொடுத்தோம். மரமாக இருந்தாலும் நிகழ்ச்சிக்கு எடுத்துப்போகும்போது அமைப்பாளரின் கடிதத்தோடு, வழியில் உள்ள நிலையங்களுக்கும் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டே எடுத்துப்போகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் அங்கங்கே விசாரித்துக்கொண்டிருந்ததைக் கேள்விப்பட்டு வேறொருவர் "நிஜமாகவே சுடும் ரெமிங்டன் இருக்கிறது, டானாவ் வேலை" என்று செய்தி அனுப்பினார். செபூவின் டானாவ் பக்கம் வீட்டுப் பட்டறைகளில் செய்யும் கள்ளத் துப்பாக்கியை இங்கே பால்டிக் என்பார்கள். உரிமம் இல்லாத அது 2013-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி நேராகச் சிறை. வெளிநாட்டவர் என்றால் விசாவும் போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பதில்கூட எழுதாமல் விட்டுவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

புகார் எல்லா இடத்திலும் கொடுத்திருக்கிறேன். இருவரும் ஒரே ஊர் என்றால் முதலில் பாரங்காயில், அதாவது வட்டார அளவிலான உள்ளாட்சி அலுவலகத்தில், உட்கார்ந்து பேச வேண்டும். இவர் வேறு ஊர் என்பதால் சிறு தொகை வழக்குக்கே நேராகப் போகிறேன். 10 லட்சம் பெசோ வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேச வேண்டும். சைபர் குற்றப் பிரிவுக்கும் உரையாடல் படங்கள், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் போயிருக்கின்றன. நீங்களும் யாரிடமாவது பேச்சு நடத்திக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் தடை செய்ததும் அவர் பக்கத்து உரையாடல்களில் பாதி அழிந்துவிட்டது.

அவர் இப்போது வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்திருக்கிறார். பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுவார், அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. படத்தைப் பாருங்கள். சிப்பி ஜன்னல் முன்னால் தொங்கும் சட்டை, இடது முழங்கையில் ஒட்டு. அது அவர் தைத்ததல்ல. ஒரு நிகழ்ச்சியில் கூயா கழற்றி மாட்டிவைத்திருந்தபோது யாரோ எடுத்த படம். அந்த ஒட்டைப் போட்டது கூயாவின் மனைவி.