‘யப்பான் ருசியில பிரெஞ்சுக் கேக்’ வாங்கப் போற வன்னிச் சனத்துக்கு

கடையின்ர பேரை எழுதேல்லை. எழுதினா அது வேற வில்லங்கம். ஏ9 வீதிக்கரையில, யப்பான் ருசியும் பிரெஞ்சுக் கேக்கும் சேர்த்து விக்கிறம் எண்டு விளம்பரம் போடுற இடம், அவ்வளவுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆக்கள் ஓடர் குடுக்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கோ.

மருமகளின்ர பிறந்தநாளுக்கு ஒரு கிலோ மச்சா கேக் கேட்டனான். விலை 9,500 ரூபா, அட்வான்ஸ் 5,000. விலையைப் பற்றி எனக்குக் கோவமில்லை. மச்சா எண்டது சும்மா தேயிலைத் தூள் இல்லை. கொழுந்து பறிக்க முன்னம் மூண்டு நாலு கிழமை செடியை மூடி நிழலில விட்டு, இலையை ஆவியில காட்டிக் காயவைச்சு, நரம்பு தண்டெல்லாம் எடுத்துப்போட்டுக் கல்லில அரைக்கிற மா. யப்பானில கியோட்டோவுக்குக் கிட்ட இருக்கிற ஊஜி அதுக்குப் பேர்போன ஊர். அப்பிடிப்பட்ட சாமான் இஞ்ச வந்து சேர்ந்தா விலை கூடத்தானே வேணும்.

காசைக் கட்டிப்போட்டு, வந்தது வந்தாச்சு எண்டு பிள்ளையோட இருந்து சாப்பிட்டம். மச்சா எக்லேயர் (உள்ளுக்க கிரீம் வைச்ச நீட்டுப் பிரெஞ்சுப் பலகாரம்) ஒண்டு, ஐஸ் மச்சா ஒண்டு, எள்ளுக் கிரீம் வைச்சது ஒண்டு, குரோசோன் (பட்டர் வைச்சு மடிச்சுச் சுடுற பிரெஞ்சுப் பணிஸ்) ஒண்டு.

எக்லேயர் நல்ல கிளிப்பச்சை. ரெண்டு கடி கடிச்ச உடன பிள்ளையின்ர நாக்கும் பச்சை, விரலும் பச்சை, துடைச்ச கடதாசியும் பச்சை. ருசி வெறும் வனிலா எசன்சும் சீனியும். பிரான்சில பரிஸ் நகரத்தில இருக்கிற அக்கா வரேக்க ஒரு டப்பா மச்சா கொண்டு வந்தவ, அதால அதின்ர குணம் எனக்குத் தெரியும். முதல் வாயிலயே வல்லாரைச் சாறு குடிச்ச மாதிரி ஒரு பச்சைக் கசப்பு வரும். பிறகுதான் ஒரு இனிப்பு. கேக்கில போட்டு வேகவைச்சா நிறமும் கொஞ்சம் மங்கிப்போகும், இப்பிடிப் பளபளக்காது.

ஐஸ் மச்சாவில கள்ளம் இன்னும் வடிவாத் தெரிஞ்சுது. மச்சா தண்ணியில கரையிற சாமான் இல்லை, அது மா. கலக்கி வைச்சா கலங்கலா இருக்கும், கொஞ்ச நேரத்தில அடியில மண்டி இறங்கும். இவையின்ர கிளாசுக்குள்ளால எதிர்ப்பக்கத்து மெனுவை வாசிக்கலாம். அடியில ஒரு துளி மண்டி இல்லை.

எள்ளுக் கிரீமைப் பற்றி என்னத்தைச் சொல்ல? ‘யப்பான் கறுப்பு எள்ளு’ எண்டு எழுதி 750 ரூபா. வாயில வைச்சா காறல் மணம். எள்ளு விளையிற மண்ணில இருந்துகொண்டு இப்பிடியா? சந்தையில நல்ல எள்ளு வாங்கி, பதமா வறுத்து அரைச்சு, ‘எங்கட வன்னி எள்ளு’ எண்டு வித்திருந்தா நானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பன்.

குரோசோனுக்குப் ‘பிரெஞ்சு பட்டர்’ எண்டு போட்டிருக்கினம். பட்டர் வாய்ச் சூட்டுக்கே உருகிப்போகும். இது தேத்தண்ணி குடிச்ச பிறகும் அண்ணத்தில ஒட்டிக்கொண்டு நிண்டுது. எங்கட வெயிலுக்குள்ள பட்டரை வைச்சு மா மடிக்கிறது லேசில்லை, மாஜரீன் போட்டா போடட்டும். ஆனா மாஜரீன் எண்டு சொல்லி, மாஜரீன் விலைக்கு விக்கோணும்.

பரிஸ் நகரத்தில 2001இல கடை திறந்த சதஹாரு அஓக்கி எண்ட யப்பான்காரர் எக்லேயருக்க மச்சாவும் கறுப்பு எள்ளும் வைச்சுத்தான் பேர் எடுத்தவர். இந்த ரெண்டு ருசியும் நல்லாச் சேரும், அதில பிழையில்லை. இவை அதின்ர நிறத்தை மட்டும்தான் எடுத்திருக்கினம்.

“தங்கச்சி, அந்த மச்சா டப்பாவை ஒருக்காக் காட்டுவீங்களோ?” எண்டு கடையில வேலை செய்யிற பிள்ளையிட்டக் கேட்டன். பாவம் அந்தப் பிள்ளை, உள்ளுக்க போட்டு வந்து, “முதலாளி காட்ட வேண்டாமாம் அக்கா” எண்டுது. பிறகு முதலாளியே வந்தார். “உங்களுக்கு யப்பான் சாப்பாடு பழக்கமில்லை அக்கா, அதுதான் இப்பிடித் தெரியுது” எண்டார், சிரிச்சுக்கொண்டு. அப்ப ஓடரை நிப்பாட்டுங்கோ, காசைத் தாங்கோ எண்டன். சாமான் எடுத்தாச்சாம், அட்வான்ஸ் தரேலாதாம். எடுத்த சாமானைத்தானே காட்டச் சொல்லிக் கேட்டனான்!

தந்த துண்டில கடைப் பேரும் இல்லை, திகதியும் இல்லை. நிண்டு சண்டை பிடிச்சுத்தான் ஒழுங்கான பில் எடுத்தன். கேட்டா பில் குடுக்கோணும் எண்டு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலயே இருக்கு. அதைச் சொன்ன பிறகுதான் பில் புத்தகம் வெளியில வந்தது.

அந்த அதிகார சபையின்ர 1977 நம்பருக்கு எடுத்து முறைப்பாடு சொல்லியாச்சு. சாப்பாட்டில போடுற நிறத்தைப் பாக்கச் சொல்லி எங்கட பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிட்டயும் குடுத்திருக்கிறன். காசு இன்னும் வரேல்லை. அங்க அட்வான்ஸ் கட்டிப்போட்டு நிக்கிற ஆக்கள் ஆராவது இருந்தா பில்லைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ, என்ர முறைப்பாட்டோட சேர்த்துக் குடுக்கிறன்.