சளி மாத்திரையில் 2 மில்லிகிராம்: சாயமா, எச்.பி.எல்.சி.யா?

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது சாதாரண சளி மாத்திரை. பாரசிட்டமால் 500 மி.கி., குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2 மி.கி. அந்த 2 மி.கி. சரியாக இருக்கிறதா என்று அளப்பதுதான் என் வேலை. நேரே யு.வி.யில் வைத்து, மருந்து எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். பக்கத்தில் 250 மடங்கு பாரசிட்டமால் உட்கார்ந்திருக்கும்போது அது எடுபடாது.

மிஞ்சியது இரண்டு வழி: கலவையை உயர் அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே ஓட்டிப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி, இல்லையென்றால் புரோமோகிரீசால் கிரீன் சாயம். நான் சாயத்தைப் பிடித்தேன்.

குளோர்ஃபெனிரமினில் மூன்றாம்நிலை அமீன் இருக்கிறது. அமில பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) அது நேர்மின் அயனி, சாயம் எதிர்மின் அயனி. இரண்டும் ஜோடி சேர்ந்ததும் தண்ணீரை விட்டுக் குளோரோஃபார்முக்கு இறங்கிவிடும். பாரசிட்டமாலுக்கு அப்படிக் கார குணமுள்ள நைட்ரஜன் கிடையாது, அதனால் ஒதுங்கிக்கொள்ளும். பிரிபுனலில் குலுக்கி நிறுத்தி, அடி அடுக்கை எடுத்து அதன் நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று 415 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் படித்தால் ஆயிற்று. புதுசும் இல்லை: 1945-லேயே ப்ரோடியும் உடன்ஃப்ரெண்டும் மெத்தில் ஆரஞ்சை வைத்து இதே யுக்தியைக் காட்டிவிட்டார்கள்.

துல்லியத்தில் எச்.பி.எல்.சி.தான் மேல், அதில் சண்டையே இல்லை. கருவியின் விலையும் ஊரறிந்தது. என்னைச் சாயத்தின் பக்கம் தள்ளியது பராமரிப்பு.

எச்.பி.எல்.சி.யின் உயிர் சி18 காலம் (column), அதாவது கலவையைப் பிரிக்கும் அந்தக் குழாய். தமிழில் எழுதினால் 'காலம்' என்றே வருகிறது. அது தின்பதும் அதைத்தான். காலையில் மொபைல் ஃபேஸை, அதாவது காலம் வழியே ஓடும் கரைப்பானை, 0.45 மைக்ரான் வடிதாள் வழியாக வடிகட்டி, காற்றை வெளியேற்றி, அடிக்கோடு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மாலையில் பாஸ்பேட் பஃபர் போகத் தண்ணீர், பிறகு மெத்தனால் என்று ஓட்ட வேண்டும். எங்கள் சீனியர் ஒருவர் வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் இதைத் தவறவிட்டார். திங்கட்கிழமை பம்பைப் போட்டால், பஃபர் உப்பு படிந்து காலம் அடைத்திருந்ததில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. புதுக் காலத்துக்குச் சொன்ன விலைக்கு ஜிபாட் நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கான மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இரண்டு மாதம் சேர்த்தாலும் பற்றவில்லை. துறை மொத்தத்துக்கும் ஒரே மெஷின் என்பதால், அதற்குப் பிறகு மூன்று வாரம் யாருக்கும் வேலை ஓடவில்லை. நான் புனலோடு உட்கார்ந்திருந்தேன்.

கரைப்பான் கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 480 மி.லி. என் 15 புனலுக்குத் தலா 10 மி.லி., ஆக 150. ஆனால் இது குளோரோஃபார்ம். சிங்க்கில் கொட்டக் கூடாது, ஃபியூம் ஹுட்டை (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அறைப்பெட்டி) விட்டு வெளியே வரவும் கூடாது. இந்த இடத்தில் சாயத்துக்காக நான் வாதாட மாட்டேன்.

சாயத்தின் தொல்லைகள் கைக்குத்தான். பெயர்தான் கிரீன், அந்த பிஎச்-சில் மேல் அடுக்கும் மஞ்சள், கீழ் அடுக்கும் மஞ்சள். வெள்ளை டைலுக்கு முன்னால் புனலைப் பிடித்தால்தான் எல்லை தெரியும். வேகமாகக் குலுக்கினால் மோர் மாதிரி ஆகிவிடும், பிறகு பிரியவே பிரியாது. முதல் வாரம் ஒரே மாதிரிக்கு மூன்று வேறு ரீடிங் வந்தது. க்யூவெட்டை, அதாவது கருவியில் வைக்கும் சின்னக் கண்ணாடிக் கலத்தை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது குளோரோஃபார்மில் மெல்லிய புகைமூட்டம், நுண்ணிய நீர்த்துளிகள். நீரற்ற சோடியம் சல்பேட் ஒரு சிட்டிகை போட்டுச் சுழற்றினேன், கண்ணாடியாகத் தெளிந்தது. ரீடிங்கும் ஒழுங்குக்கு வந்தது. இன்னொன்று பிளாங்க், அதாவது மருந்து மட்டும் சேர்க்காமல் செய்து பார்க்கும் ஒப்பீட்டுக் கரைசல்: பிஎச் ரொம்ப இறங்கினால் மருந்தே இல்லாமல் சாயம் தானாகக் குளோரோஃபார்முக்குள் நழுவும். தினமும் பிளாங்க் வைக்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

நான் செய்தது இந்த ஒரு மாத்திரைதான். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் சேர்ந்த கலவை என்றால் அதுவும் அமீன், முதலில் அது குறுக்கிடுகிறதா என்று தனியாகச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். நாள்பட மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி வேலைக்குச் சாயம் வேண்டவே வேண்டாம்: மருந்து சிதைந்தாலும் அமீன் பகுதி மிஞ்சியிருந்தால் சாயம் அதையும் மருந்தாகவே எண்ணிவிடும். போன மாதம் ஜூனியர் பெண் அதற்காகத்தான் கேட்டாள். எச்.பி.எல்.சி. ரெஜிஸ்டரில் பெயர் எழுதச் சொன்னேன். அவளுக்கு முன்னால் ஏழு பேர்.