கொடிக்குப் பந்தல் போட்டவர்கள்: அசெம்பிள் கட்டடக்கலைக் குழுவின் பணி குறித்து

லிவர்பூல் நகரின் டோக்ஸ்டெத் பகுதியில், கெய்ர்ன்ஸ் தெருவில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய செங்கல் வீடுகளின் வரிசையில் ஒரு வீட்டுக்குள் மட்டும் அறைகள் இல்லை. மாடித் தளங்கள் இருந்த இடம் வெட்டவெளியாக இருக்கிறது. கூரைக்குப் பதிலாகக் கண்ணாடி. கீழே மண்ணில் நட்ட மரங்கள் அந்த வெளியில் மேல்நோக்கி வளர்கின்றன. மீண்டும் வீடாக்குவதற்குச் செலவு கட்டுப்படியாகாத அளவுக்குச் சிதைந்துபோயிருந்த இரண்டு வீடுகளில் ஒன்றைத் தோட்டமாகவும், மற்றொன்றைத் தெருவாசிகள் கூடிப் பேசவும் கலைஞர்கள் வந்து தங்கிப் பணிபுரியவும் உரிய பொது வீடாகவும் மாற்றி, 2019இல் ‘கிரான்பி குளிர்காலத் தோட்டம்’ என்ற பெயரில் திறந்தார்கள். அதை வடிவமைத்தது இலண்டனைச் சேர்ந்த அசெம்பிள் என்ற குழு. உள்ளூர் வடிவமைப்பு, உள்ளூர்க் கலைஞர், உள்ளூர் மக்கள் என்ற சொற்கள் இல்லாத அறிமுகக் குறிப்பை எந்தக் கட்டடக்கலை நிறுவனமும் இன்று வெளியிடுவதாகத் தெரியவில்லை. அந்தச் சொற்களுக்கு உரிய வேலையைச் செய்து காட்டியவர்கள் சிலரே என்பதால், அவர்களுள் ஒருவரான அசெம்பிளின் சேவையை, அதை அமர்த்த விரும்பும் ஒருவரின் கண்ணோடு இங்கே மதிப்பிடுகிறேன்.

இக்குழு 2010இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் பலர் அப்போதுதான் படிப்பிலிருந்து வெளிவந்த இளைஞர்கள். கட்டடக் கலைஞர் என்று சட்டப்படி தம்மை அழைத்துக்கொள்ளும் தகுதியைப் பெரும்பாலோர் அந்நாளில் பெற்றிருக்கவில்லை. முதல் வேலையாக, இலண்டன் கிளார்க்கன்வெல் பகுதியில் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தைச் சில வாரங்களுக்குத் திரையரங்காக மாற்றினார்கள். சாரம் கட்டும் பலகைகளில் இருக்கைகள் செய்தார்கள். கூரைக்கு அடியில் விரிக்கும் மலிவான தாளைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து தைத்துச் சுற்றிலும் திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள். படம் முடிந்ததும் திரைச்சீலை மேலே எழ, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சாலையோரத்தில், போகிற வருகிற வண்டிகளுக்கு எதிரே தாம் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டு இலண்டனின் ஹாக்னி விக் பகுதியில் ஒரு மேம்பாலத்தின் அடியில் தற்காலிகக் கலையரங்கு ஒன்றைக் கட்டினார்கள். ஒன்பது வாரம் கழித்து அதைப் பிரித்தபோது அதன் கட்டுமானப் பொருள்கள் அருகிலிருந்த தொடக்கப் பள்ளிக்குச் சென்று, குழந்தைகள் விளையாடவும் செடி வளர்க்கவும் பயன்பட்டன. முதல் வேலையில் இருந்தது விளையாட்டு மனம். இரண்டாவதில்தான், வேலை முடிந்த பின் அந்த இடத்தில் எது மிஞ்சும் என்ற கேள்வி தலைகாட்டுகிறது.

அக்கேள்விக்கு முழு விடை, டோக்ஸ்டெத்தில் கெய்ர்ன்ஸ் தெரு உள்ள கிரான்பி பகுதியில் கிடைத்தது. ஆனால் அந்தக் கதையின் முதல் பாதியில் அசெம்பிளுக்கு இடமே இல்லை.

டோக்ஸ்டெத்தில் 1981 ஜூலையில் பெரும் கலவரம் வெடித்தது. கறுப்பின இளைஞர்களைக் காவல்துறை நடத்திய விதத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சினம், ஒரு கைதை ஒட்டித் தெருவுக்கு வந்தது. பிரிட்டன் தீவில் கலவரத்தை அடக்கக் கண்ணீர்ப் புகை முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது அப்போதுதான். அதற்குப் பிந்தைய பல ஆண்டுகளில் கிரான்பி பகுதியின் வீடுகள் ஒவ்வொன்றாகக் கையகப்படுத்தப்பட்டு, குடியிருந்தவர்கள் அகற்றப்பட்டு, தெருத் தெருவாக இடிக்கப்பட்டன. ஒரு காலத்தில் கடைகளால் நிறைந்திருந்த கிரான்பி வீதியைச் சுற்றிப் பழைய வீடுகளோடு எஞ்சியவை நான்கு தெருக்கள் மட்டுமே. 2002இல் அரசு கொண்டுவந்த வீட்டுச்சந்தைப் புதுப்பிப்புத் திட்டம் அவற்றுக்கும் இடிப்பையே விதித்தது. சில ஆண்டுகளில் அத்திட்டம் பாதியில் கைவிடப்பட்டபோது, இடிக்கவும் படாமல் சீரமைக்கவும் படாமல், சன்னல்களில் தகடு அறையப்பட்ட காலி வீடுகளே பெரும்பான்மையாக நின்றன.

அங்கிருந்து போக மறுத்த சிலர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தாமே தெருவைப் பெருக்கத் தொடங்கினார்கள். நடைபாதையில் தொட்டிகளை வைத்துச் செடிகள் வளர்த்தார்கள். தகடடித்த சன்னல்கள் மேல் வண்ணம் தீட்டினார்கள். மாதந்தோறும் தெருச் சந்தை நடத்தினார்கள். 2011இல் சமூக நில அறக்கட்டளை ஒன்றை நிறுவி, காலி வீடுகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு மாநகராட்சியிடம் வாதாடிப் பத்து வீடுகளைப் பெற்றார்கள். நிலம் தனியாரின் வணிகப் பொருளாகாமல் அப்பகுதி மக்களின் பொறுப்பில் இருப்பதே இத்தகைய அறக்கட்டளையின் சாரம். வீட்டு விலையும் வாடகையும் சந்தையின் போக்கில் ஏறி, உள்ளூர் மக்களை வெளியே தள்ளாமலிருக்க அதுவே பிடிமானம். பணம் தர முன்வந்த ஒரு சமூக முதலீட்டாளர் வழியாகவே அசெம்பிள் இந்தத் தெருவுக்கு வந்தது. ஆக, தெருவின் மீட்பைத் தொடங்கியவர்கள் கட்டடக்கலையாளர்கள் அல்லர். கொடி முன்பே படரத் தொடங்கியிருந்தது. இவர்கள் பந்தல் போட வந்தவர்கள்.

இந்த உண்மையை மறைக்காமல், அதையே தம் வடிவமைப்பின் அடிப்படையாகக் கொண்டதுதான் இக்குழுவின் பணியில் நான் மிக உயர்வாக மதிக்கும் கூறு. தெருவாசிகள் செய்துவைத்திருந்ததைத் துடைத்துவிட்டுப் புதிய வரைபடம் போடவில்லை. ஒவ்வொரு வீட்டின் நிலையையும் தனித்தனியே பார்த்து, எது எஞ்சியிருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, எளிமையாகவும் மலிவாகவும் சீரமைத்தார்கள். தளம் விழுந்துபோன இடத்தை மீண்டும் மூடாமல் உயரமான கூடமாக விட்டார்கள். பத்து வீட்டுக்கும் ஒரே அச்சு என்ற ஒப்பந்தக்காரரின் வசதியை விட்டுக்கொடுப்பதற்குத் துணிவு வேண்டும்; அதற்கு ஆகும் கூடுதல் நேரத்தை யாராவது ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

குளிர்காயும் கணப்படுப்பும் கதவுப்பிடியும் கழற்றப்பட்டுப் பாழாய்க்கிடந்த வீடுகளுக்கு அவற்றைக் கடையில் வாங்கிப் பொருத்தியிருக்கலாம். அசெம்பிள் அதைச் செய்யாமல், அதே பகுதியில் ஒரு பட்டறையைத் தொடங்கியது. இடிந்த வீடுகளின் செங்கல்லையும் கற்பலகையையும் உடைத்துச் சிமென்டோடு கலந்து வார்த்து, மெருகேற்றி, கணப்படுப்புச் சட்டங்கள் செய்தார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே செங்கல் துண்டுகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். தெருவின் இடிபாடே வீட்டின் நடுக்கூடத்துக்கு வந்து அமர்ந்திருக்கிறது. களிமண்ணில் கதவுப்பிடிகள் செய்து மரத்தூளின் புகையில் சுட்டார்கள். புகை பட்ட விதத்தில் ஒவ்வொன்றிலும் கறை வேறு விதமாக விழுந்தது. தரையோடுகளிலும் துணி அச்சிலும் இதே முறைதான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமாகக் கட்டடக் கலைஞர் ஓவியரையோ குயவரையோ அழைக்கும்போது, இடமும் அளவும் நிறமும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்; அழைக்கப்பட்டவர் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். வரவேற்பறைச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம், நுழைவாயிலில் ஒரு சுவரோவியம், அதன் கீழே ஒரு பெயர்ப்பலகை என்று முடியும் ‘கலைஞர் பங்கேற்பு’ நாம் எல்லோரும் பார்த்துச் சலித்தது. கிரான்பிப் பட்டறையில் முடிவு செய்யப்பட்டது பொருளின் வடிவமன்று, அதைச் செய்யும் முறை. எந்த நிறக் களிமண்ணை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்ற முடிவுகள் செய்பவரின் கையில் விடப்பட்டன. அதனால் ஒரே வகைப் பொருளில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை, செய்பவரும் வெறும் கூலியாள் ஆவதில்லை.

2015இல், சமகாலக் கலைக்காகப் பிரிட்டனில் வழங்கப்படும் டர்னர் பரிசுக்குத் தேர்வுப்பட்டியலில் இடம் கிடைத்தபோது, கிளாஸ்கோவில் நடந்த கண்காட்சியில் தம் பழைய பெருமைகளைக் காட்டாமல், இந்தப் பட்டறைப் பொருள்களின் விற்பனைக் கூடத்தையே அமைத்தார்கள். பரிசு அவ்வாண்டு டிசம்பரில் அவர்களுக்கே கிடைத்தது. கட்டடக்கலை, வடிவமைப்பு சார்ந்த ஒரு குழு அதைப் பெற்றது அதுவே முதல் முறை. வீடு பழுதுபார்ப்பது எப்படிக் கலையாகும் என்று இதழ்களில் சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. பரிசால் கிடைத்த கவனம் பட்டறைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது என்பதே வாடிக்கையாளர் கண்ணுக்குப் பொருட்டான செய்தி. 2018 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியின் மைய மண்டபத்துக்குத் தரையோடுகள் செய்யும் வேலை வரை அது சென்றது.

குறைகளும் உண்டு. முதலாவது, புகழ் போன திசை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தெருவைக் காத்தவர்களின் பெயர்கள் பின்னால் நிற்க, சில ஆண்டுகள் பணிபுரிந்த குழுவின் பெயர் பரிசுப் பட்டயத்தில் ஏறியது. அசெம்பிள் உறுப்பினர்கள் தெருவாசிகளின் பங்கைச் சொல்லத் தவறவில்லை என்பது உண்மைதான். ஆயினும் பரிசு என்ற ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது, அந்தப் பெயர் வடிவமைப்பாளருடையதாகவே அமைந்துவிடுகிறது. இரண்டாவது, அளவு. பத்து வீடுகள் ஒரு நகரத்தின் வீட்டுப் பஞ்சத்துக்கு விடையல்ல. மூன்றாவது, கையால் செய்த ஓடும் கைப்பிடியும் ஆலைப் பொருளைவிட விலை கூடுவது இயல்பு. வறிய தெரு ஒன்றில் பிறந்த பொருள் வசதியான வீடுகளின் அலங்காரமாகிறது என்ற நெருடலை என்னால் ஒதுக்க முடியவில்லை. உள்ளூரில் சம்பளம் கிடைக்கிறதே என்பது நல்ல மறுமொழி, முழு மறுமொழியன்று.

கிளாஸ்கோவின் டால்மார்னக் பகுதியில் இதே குழு உருவாக்கிய பால்டிக் வீதிச் சாகச விளையாட்டுத் திடலை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2014 காமன்வெல்த் போட்டிகளுக்காகச் சுற்றுப்புறமே புரட்டிப்போடப்பட்ட காலத்தில், பொதுக்கலைக்கு என்று வந்த வாய்ப்பைச் சிலை வைக்கப் பயன்படுத்தாமல், குழந்தைகள் தாமே பலகை அறுத்து, பள்ளம் தோண்டி, நெருப்பு மூட்டி விளையாடும் இடத்துக்கும் அதைக் கவனிக்கும் பணியாளர்களுக்கும் பயன்படுத்தினார்கள். புகைப்படத்தில் அது அழகாக இல்லை. கட்டடம் என்று காட்ட அதிகம் இல்லை. ஆயினும் குளிர்காலத் தோட்டத்தை விடவும் இதையே நான் ஒரு படி மேலே வைப்பேன், ஏனெனில் இங்கே வடிவமைப்பாளரின் கை ஏறக்குறைய கண்ணுக்குத் தெரிவதில்லை.

இத்தகைய சேவை யாருக்குப் பொருந்தும்? குறித்த நாளில் சாவி கைக்கு வர வேண்டும், செலவு முதல் நாளிலேயே முடிவாக வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தாது. பொருள் எப்படி வரும் என்பதைச் செய்பவரின் கைக்கும் சூளையின் நெருப்புக்கும் விட்டுவிட மனமில்லாதவர்களுக்கும் பொருந்தாது. முக்கியமாக, அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்றுகூடிய மக்கள் இல்லையென்றால், அவர்களை உருவாக்கித் தருமாறு கட்டடக்கலை நிறுவனத்தைக் கேட்பது வீண். வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டும் இரண்டு கருத்துக் கேட்புக் கூட்டங்களும் ஒரு அறிக்கையுமே மிஞ்சும். நிலத்தின் மேல் உரிமையோ, குறைந்தது பிடியோ உள்ள ஒரு மக்கள் அமைப்பு கையில் இருந்தால், அசெம்பிளையோ அவர்கள் வழியில் செல்லும் வேறொரு குழுவையோ தயங்காமல் அமர்த்தலாம். ஒப்பந்தத்தில் இரண்டை மட்டும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்: வேலை முடிந்தபின் பட்டறையும் கருவிகளும் யாருடையவை என்பது ஒன்று, கட்டடத்தைப் பற்றி வெளியில் பேசும்போது யார் பெயர் முதலில் வரும் என்பது மற்றொன்று.