கார்பன் விண்மீன் பார்க்க ஒரு 10×50 பைனாகுலர்

இரண்டு பனிக்காலம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். 10 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் லென்ஸ், 6.5 டிகிரி பார்வைப் பரப்பு. விலை 9,500 ரூபாய். ஏறத்தாழ ஒரு கிலோ கனம்.

முதலில் வந்த உருப்படி சரியில்லை. இடது குழாயும் வலது குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. ஒரு விண்மீன் இரண்டாகத் தெரிந்தது, பத்து நிமிடத்தில் தலைவலி. திருப்பி அனுப்பி, மாற்று வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் முதல் இரவே ஒரு பிரகாசமான விண்மீனைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள். பகலில் இன்னொரு சோதனை: பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். வட்டம் முழுசாக இருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் முப்பட்டகம் (பிரிசம்) நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் மட்டமானது. இரண்டாவதாக வந்ததில் வட்டம் முழுசாக இருந்தது.

நான் இதை வாங்கியதே கார்பன் விண்மீன்களுக்காகத்தான், அதாவது மேற்பரப்பில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுந்த, சிவந்த முதிய விண்மீன்களுக்காக. டிசம்பர் கடைசியில் மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்த ஓர் இரவு, மகளைக் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலையில் நண்பர் தோட்டத்துக்குப் போனேன். ஏழரை மணிக்குத் தெற்கே திரும்பி நின்றோம். உயரத்தில் டிஃப்டா என்ற பிரகாசமான விண்மீன். அதிலிருந்து, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கினால், மங்கலாக, ஸ்கல்ப்டர் விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்த ஆல்ஃபா ஸ்கல்ப்டோரிஸ். அங்கிருந்து இடப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு பார்வைப் பரப்பு தூரம் நகர்த்தினால் நாங்கள் தேடிவந்த கார்பன் விண்மீன், ஆர் ஸ்கல்ப்டோரிஸ்.

ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் பாருங்கள், நிறம் அப்போதுதான் நன்றாக எழும். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, விளக்கை ஊதினதும் திரி நுனியில ஒரு கங்கு நிக்குமே, அது மாதிரி இருக்கு" என்றாள். அதே நிறம்தான். லென்ஸ் ஓரத்தில் போலி நிறம் கசியும் மலிவான பைனாகுலரில் இந்தச் சிவப்பை நம்ப முடியாது. இதில் நம்பலாம்.

என் அம்மா விளக்கெண்ணெய் தீபத்தின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி எடுப்பார். அந்த விண்மீனைச் சுற்றி இருப்பதும் ஏறக்குறைய அந்தக் கரிதான். வயதான விண்மீன் உள்ளே மூன்று ஹீலியம் அணுக்கருக்களைச் சேர்த்துக் கார்பன் செய்கிறது. அது கிளறப்பட்டு மேலே வருகிறது. மேற்பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் ஆளுக்கொரு கார்பனைப் பிடித்துக் கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். மிஞ்சிய கார்பன், விண்மீன் விம்மித் தணியும்போது மேலே தூக்கப்பட்டு, குளிர்ந்து கரித்தூசு ஆகிறது. விண்மீனின் ஒளியே அந்தத் தூசை வெளியே தள்ளுகிறது, தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆர் ஸ்கல்ப்டோரிஸ் ஏறத்தாழ 1,200 ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றி ஓடு போல நிற்கும் வாயு, தூசுக்குள் ஒரு சுருள் இருப்பதைச் சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி 2012-இல் காட்டியது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வீசிய பொருள் அது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்தப் பார்வைப் பரப்பின் வலது ஓரத்தில் இருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஆர் ஸ்கல்ப்டோரிஸை இடது விளிம்பில் நிறுத்தினால் வலது விளிம்பில், சற்றுக் கீழே, ஸ்கல்ப்டர் குறுங்கேலக்ஸி என்ற குட்டி விண்மீன் மண்டலம் வந்துவிடும். இரண்டுக்கும் இடைவெளி ஆறு டிகிரிக்குள்தான். ஆனால் கேலக்ஸி இருப்பது ஏறத்தாழ 2,80,000 ஒளியாண்டுக்கு அப்பால். பரந்து, மிகவும் மங்கி இருப்பதால் இந்தப் பைனாகுலரில் எதுவும் தெரியவில்லை. அங்கே மேக் 29 என்று ஒரு கார்பன் விண்மீன் இருக்கிறது. அதைச் சுற்றித் தூசு இருப்பதை ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி கண்டது. 2009-இல் சயின்ஸ் இதழில் வந்தது.

இதில் என்ன பெரிய விஷயம்? அந்தக் குட்டிக் கேலக்ஸி பரம ஏழை. கார்பன் போன்ற தனிமங்கள் நம் பால்வெளியோடு ஒப்பிட்டால் அங்கே மிகச் சொற்பம். விண்மீன்கள் உண்டாக்கும் இன்னொரு வகைத் தூசான, மணல் போன்ற சிலிக்கேட் வேண்டுமென்றால் சிலிக்கானைப் பிறந்த இடத்திலிருந்தே கொண்டுவர வேண்டும், ஏழை வீட்டில் அது கிடைக்காது. கார்பன் விண்மீனோ தன் சரக்கைத் தானே செய்துகொள்கிறது. போதாததற்கு, அங்கே ஆக்சிஜனும் குறைவு என்பதால் கொஞ்சம் கார்பன் மேலே வந்தாலே மிச்சம் நிற்கும். பிரபஞ்சத்தின் ஆரம்பக் கேலக்ஸிகளும் இப்படி ஏழைகள்தான். அங்கே தூசு எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஒரு துப்பு இந்த விளிம்பில் இருக்கிறது. அதை மகளுக்குச் சொல்லிவிட்டுப் பைனாகுலரைக் கொடுத்தேன். ஒன்றும் தெரியாத அந்த இருட்டை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறை என்றால், கையில் பிடித்தால் நடுங்கும். டிரைபாட் அடாப்டர் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். லென்ஸ் மூடிகள் தளர்வு, ஒன்றைத் தோட்டத்திலேயே தொலைத்துவிட்டோம். அப்புறம், ஸ்கல்ப்டரை ஜனவரிக்குள் பார்த்துவிடுங்கள், பிப்ரவரி கடைசியில் இருட்டும்போதே மேற்கில் தாழ்ந்துவிடும். தவறவிட்டவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் யூ ஹைட்ரே இருக்கிறது. அதுவும் கார்பன் விண்மீன்தான், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே எட்டும்.