ஒன்பது வருஷமா அமில்கார் சிஜிஎஸ் ஓட்டுறேன்: என் அனுபவம்

பழைய பிரெஞ்சு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். என்னோடது 1925 மாடல் அமில்கார் சிஜிஎஸ், பாரிஸ் பக்கத்துல வச்சு ஓட்டுறேன்.

முதல் உலகப்போர் முடிஞ்சதும் பிரான்ஸ்ல, 350 கிலோ, 1100 சிசி, ரெண்டு சீட்டுக்குள்ள அடங்குற வண்டிக்கு வருஷ வரி 100 ஃபிராங்க் போதும்னு சட்டம் வந்துச்சு, உடனே பிஎன்சி, சால்ம்சன்னு ஆளாளுக்கு இறங்கிட்டாங்க, லாமியும் அகாரும் சேர்ந்து 1921-ல ஆரம்பிச்ச அமில்காரும் அப்படி வந்ததுதான், அவங்க ரெண்டு பேர் பேரையும் கலைச்சுப் போட்டா கிட்டத்தட்ட கம்பெனி பேர் கிடைச்சிரும். 1922-ல நடந்த முதல் போல் தோர்ங்கிற 24 மணி நேர ரேஸ்ல ஆந்த்ரே மொரேல் ஜெயிச்சதும் இவங்க வண்டியிலதான். சிஜிஎஸ் அதுக்கப்புறம் வந்த மாடல், ஆனா எடையைப் பாத்துப் பாத்துக் குறைச்ச புத்தி அதுலயும் அப்படியே இருக்கு.

அதோட பலன் கிராங்க்ல, அதாவது பிஸ்டன் மேல கீழ போறதை சுழற்சியா மாத்துற தண்டுல தெரியும். நாலு சிலிண்டர், 1074 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 60 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 95 மிமீ, ஆனா அவ்ளோ நீள ஸ்ட்ரோக்குக்கு கிராங்க்கைத் தாங்குறது முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு மெயின் பேரிங். எஞ்சினை ரொம்ப வேகமா சுத்த விட்டா கிராங்க் வளையும், ஸ்டியரிங்லயே அந்த அதிர்வு வந்துரும். மூணாவது வருஷம் ஒரு பட்டறையில பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற ராடோட பேரிங்குக்கு ஒயிட் மெட்டல்ங்கிற மெதுவான உலோகக் கலவையை ஊத்தச் சொன்னேன், சரியா ஒட்டல போல, ஒரே மாசத்துல டக் டக்னு சத்தம். எஞ்சின் அடியில ஆயில் தேங்குற சம்ப்பைக் கழட்டி ஆயிலை வெள்ளைத் துணியில வடிச்சா வெள்ளித் தூள் மாதிரி மின்னுது, பேரிங் உலோகம்தான் உதிருது, பாத்ததும் வயிறு கலங்கிருச்சு. திரும்ப எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேர்ந்து செஞ்சேன். இப்போ ஒவ்வொரு ஆயில் மாத்தும்போதும் துணி டெஸ்ட் கட்டாயம்.

கியர் மூணுதான், ஒவ்வொரு கியர் மாத்தவும் கிளட்ச்சை ரெண்டு தடவை மிதிக்கிற டபுள் டிக்ளட்ச் பழக ரெண்டு மாசம் ஆச்சு. நாலு சக்கரத்துலயும் பிரேக் உண்டு, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். பக்கத்து சீட் கொஞ்சம் பின்தள்ளி இருக்கும், அதனால ஓட்டுறவங்க முழங்கை இடிக்காது, குறுகலான பாடியில எவ்ளோ அழகான யோசனை!

1929-க்கு அப்புறம் வந்த பொருளாதார நெருக்கடியில இந்த மாதிரி கம்பெனிங்க ஒண்ணொண்ணா போயிருச்சு, அமில்கார் 1937-ல ஹாட்ச்கிஸ்ங்கிற இன்னொரு பிரெஞ்சு கார் கம்பெனி கைக்குப் போச்சு. வாங்கப் போறீங்கன்னா பெயிண்டைப் பாத்து மயங்காதீங்க, சம்ப்பைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா வந்துருங்க.