டோஸ்ட்மாஸ்டர்ஸ்: திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருத்தியின் நீண்டநாள் அனுபவம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை என்றால், துணி ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் இங்குள்ள கம்பெனிக்கும் நடுவே நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பது. பாதி நாள் டையிங், பிரிண்டிங், செக்கிங் என்று ஓட்டம். மீதி நாள் ஆங்கிலம். லேப் டிப் (சாயத்தின் மாதிரித் துண்டு) ஏன் இன்னும் வரவில்லை, ஜிஎஸ்எம் (துணியின் எடை) ஏன் குறைந்தது, ஷிப்மென்ட் எப்போது கிளம்பும் என்று ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம், நானும் அப்படித்தான். மெயில் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. பழைய மெயிலை எடுத்து ஸ்டைல் நம்பரையும் தேதியையும் மாற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பயமெல்லாம் போனில்தான். அதற்காகத்தான் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி கிளப்பில் சேர்ந்தேன். சேர்ந்து சில வருடங்கள் ஓடிவிட்டன. "சேரலாமாக்கா?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் நீட்டி முழக்குவதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அல்ல. 1924-இல் கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் மேடைப்பேச்சு பழகுவதற்காகத் தொடங்கியது. வாத்தியார் கிடையாது, டென்ஸ் பாடம் கிடையாது. உறுப்பினர்களே பேசுவார்கள், உறுப்பினர்களே நிறைகுறை சொல்வார்கள். இதற்கு முன்னால் ஒரு சென்டரில் பணம் கட்டி, மாதக்கணக்கில் டென்ஸ் அட்டவணையை எழுதிக்கொண்டே இருந்தவள் நான். அங்கே வாயைத் திறக்கவே வாய்ப்பில்லை. இங்கே திறக்காமல் இருக்க வழியில்லை.

தயாரித்துப் பேசும் உரை வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். அதைவிட எனக்கு உதவியது டேபிள் டாபிக்ஸ். கேள்வி அந்த நொடியில்தான் தெரியும், உடனே எழுந்து 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். 1 நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு காட்டுவார்கள். இன்னொருவர் நாம் எத்தனை முறை "ஆ", "ம்ம்", "சோ" என்று இழுக்கிறோம் என எண்ணிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஆனால் சிவப்பு வருவதற்குள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி, போனில் நான் பதில் சொல்லும் முறையையே மாற்றிவிட்டது. நம் வழக்கம் எப்படி? நூல் தாமதமாக வந்தது, அப்புறம் மழை, அப்புறம் பாய்லர் ரிப்பேர் என்று கதையை முதலில் சொல்லி, தேதியைக் கடைசியில் சொல்வோம். பையருக்கு முதலில் தேதி வேண்டும். கதையை அவர் கேட்டால் சொன்னால் போதும். இந்த ஒன்றுக்காகவே கட்டிய பணம் எனக்குத் தேறிவிட்டது.

சரி, கிடைக்காதது எது? காதுக்குப் பயிற்சி. கிளப்பில் பேசுகிறவர்கள் எல்லாருமே நம்மூர்க்காரர்கள், நம்மூர் ஆங்கிலம். எல்லாமே புரியும். கடைசியில் கைதட்டல் வேறு. அந்தத் தெம்போடு வந்து ஒரு ஸ்பெயின்காரரின் போனை எடுத்தால் முதல் வாக்கியமே பிடிபடாது. அது கிளப்பின் குறை என்று சொல்ல மாட்டேன். பேசப் பழகும் இடத்தில் கேட்கப் பழக்கவில்லை என்று கோபித்துக்கொள்வது நியாயமில்லை. ஆனால் சேருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

இன்னொன்றும் போகப்போகத்தான் உறைத்தது. எங்கள் பையர்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களும் வார்த்தை தேடித்தான் பேசுகிறார்கள். நம் இலக்கணத்தை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பிரச்சினை வந்தால் எண்ணிலும் தேதியிலும்தான் வருகிறது. தர்ட்டீனும் தர்ட்டியும் வரிசையில் முதல். தர்ட்டீனில் அழுத்தம் பின்பாதியில் விழ வேண்டும், தர்ட்டியில் முன்பாதியில். நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். துணி ஆர்டரில் 13,000 பீஸுக்கும் 30,000 பீஸுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. இப்போது எந்த எண்ணையும் சொல்லிவிட்டு "ஒன் த்ரீ" என்று இலக்கமாகவும் ஒருமுறை சொல்கிறேன்.

ஜெர்மன்காரர்கள் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு, 2,35 என்றால் இரண்டு யூரோ முப்பத்தைந்து சென்ட். டெலிவரியை அவர்கள் வார எண்ணில்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கே.டபிள்யூ. என்பது காலண்டர் வாரத்துக்கு ஜெர்மன் சுருக்கம். கே.டபிள்யூ. 32 என்றால் வருடத்தின் 32-ஆவது வாரம். திங்கள்கிழமை தொடங்கும் வாரம், அந்த வருடத்தின் முதல் வியாழன் எதில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். இந்தக் கணக்கில் 2025-இல் 32-ஆவது வாரம் ஆகஸ்ட் 4-இல் தொடங்கியது. நம்மூர் தினசரிக் காலண்டரைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வார எண் போட்ட காலண்டரை அச்செடுத்து மேஜையில் ஒட்டிய பிறகு என் ஆங்கிலமே ஒரு படி ஏறியது போல இருந்தது. மாதத்தை எண்ணால் எழுதுவதையும் விட்டுவிட்டேன். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, ஐரோப்பியருக்கு ஏப்ரல் 3.

புரியாததைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் மட்டும் ஓரளவு கிளப் தந்ததுதான். முன்பெல்லாம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டுகிறவர்களே எங்கள் ஆபீசில் அதிகம். இப்போது நான் பையர் சொன்னதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்கிறேன். போனை வைத்ததும் பேசியதை நாலு வரியில் மெயிலாக அனுப்பிவிடுகிறேன். வீடியோ கூட்டங்களில் திரையில் ஓடும் எழுத்தைப் போட்டுக்கொள்வதும் நல்ல உதவி. என்ன, ஸ்டைல் பெயரையும் துணிப் பெயரையும் அது கொலை செய்யும். அதை நம்பி அளவு குறிக்காதீர்கள்.

எங்கள் ஆபீசில் புதிதாக வரும் தம்பிகள் ஏ.ஐ.யை வைத்து மெயில் எழுதுகிறார்கள். அழகான ஆங்கிலம்தான். பையர் போன் செய்து "நீங்கள் எழுதிய மூன்றாவது பாயின்ட்" என்று ஆரம்பித்தால் போன் என் கைக்கு வந்துவிடுகிறது.

கட்டணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தலைமையகத்தின் தொகை டாலர் கணக்கில். பெரும்பாலான கிளப்புகளில் விருந்தினராகச் சும்மா போய் உட்காரலாம், இரண்டு மூன்று கிளப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கும் மாதங்களில் கூட்டத்துக்குப் போக முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

நாலு பேர் முன்னால் நா வறண்டுபோகிறது என்றால் யோசிக்காமல் சேருங்கள். பேச்சு தாராளமாக வருகிறது, எதிராளி சொல்வதுதான் பிடிபடவில்லை என்றால், தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே போன் பேசுவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் முதலில் ஒரு நல்ல ஹெட்செட் வாங்குங்கள்.