பம்ப் ஏர் ரைஃபிளுக்குப் புதுப் பேரல்: எஃகா, பித்தளையா?

கோத்தகிரிப் பக்கம் விலை குறைந்த பம்ப் ஏர் ரைஃபிள் (கையால் பம்ப் அடித்துத் தேக்கிய காற்றால் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் என்றாவது இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள்: பேரலை, அதாவது குண்டு பாய்ந்து வரும் குழாயை, மாற்றலாமா, மாற்றினால் எதைப் போடுவது? நான் அண்மையில் மாற்றினேன், பித்தளையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். சமவெளியில் குடியிருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. எந்தப் பேரலைப் போட்டாலும் அந்த 4.5-ஐத் தாண்ட வேண்டாம். 5.5 மி.மீ. பேரல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். நான் பேசுவது காகித இலக்கைப் பற்றி மட்டுமே. மலையணிலும் காட்டுக்கோழியும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. அவற்றின் மேல் குறி வைக்கும் எண்ணம் உள்ளவருக்கு இந்தக் கட்டுரை வேண்டாம்.

பம்ப் வகையில் பேரலை மாற்றினால் பலன் காகிதத்தில் தெரியும். சுருள்வில் துப்பாக்கியில் பிஸ்டன் பாயும் அதிர்ச்சியே குறியைக் கெடுக்கும். பம்ப் வகையில் அந்த உதறல் இல்லை. கை நிலையாக இருந்தால், மீதிப் பிழையில் பெரும்பங்கு பேரலுடையதும், பெல்லட் எனப்படும் சிறு ஈயக் குண்டுடையதும்தான். கிராஸ்மன் 760 போல, இந்த விலையில் கிடைக்கும் பம்ப் துப்பாக்கிகள் பலவற்றில் பேரல் என்பது பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கும் மெல்லிய எஃகுக் குழாய். சிலவற்றில் உள்ளே புரி (குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிப்பள்ளம்) இருக்கும், சிலவற்றில் வழுவழுப்பாக இருக்கும்.

வழுவழுப்பான பேரலையே துடைத்து வைத்துக்கொள்வது ஒரு வழி. இடுப்பு சிறுத்த ஈய பெல்லட் புரி இல்லாமலும் மூக்கு முன்னே பார்க்கத்தான் பறக்கும். ஆனால் அதன் சிறு கோணல்களைச் சமன்செய்யும் சுழற்சி கிடைக்காது. தகர டப்பாவுக்குப் போதும். 10 மீட்டர் போட்டி இலக்கின் பத்தாம் வட்டம் அரை மி.மீ. புள்ளி. அதை நினைத்துப் பழகுபவருக்கு இது போதாது.

அடுத்தது, அதே துப்பாக்கிக்கென்று வரும் புரி வெட்டிய எஃகுப் பேரல். மாற்றுவது எளிது, அளவு பொருந்தும், தொல்லை இல்லை. உலர்ந்த ஊரில் இருப்பவர்கள் இதை வாங்கிவிட்டு இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். நமக்குத்தான் சிக்கல், காரணம் ஈரம்.

ஈரம் என்றால் சுவரில் பூஞ்சை பூக்கும் ஈரம் மட்டுமல்ல. பம்ப் துப்பாக்கி வெளிக்காற்றை உள்ளே இழுத்து அமுக்கித் தேக்குகிறது. 15 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 13 கிராம் நீர் ஆவியாக இருக்கும். பத்துப் பம்பில் அரை லிட்டர் காற்று உள்ளே போனதாக வைத்துக்கொண்டால், ஒரு சூட்டுக்கு ஆறு மில்லிகிராம் நீர். அமுங்கும்போது அதில் ஒரு பங்கு அறைக்குள்ளேயே துளிர்க்கிறது. விசையை அழுத்தியதும் காற்று விரிந்து சட்டென்று குளிர்கிறது. மீதி ஆவி அந்தக் குளிரில் பனியாகிப் பேரல் வழியே போகிறது. மஞ்சு இறங்கிய நாளில் சுட்டவுடன் வாய்முனையில் வெள்ளையாக ஒன்று எழுந்து கலைவதைப் பார்க்கலாம். பலர் அதை எண்ணெய்ப் புகை என்கிறார்கள். ஈரமான நாளில் அது பெரும்பாலும் நீர்த்திவலைதான். வெளியே போவது போக, கொஞ்சம் புரிகளில் தங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியிலும் குன்னூரிலும் கொட்டும் அக்டோபர், நவம்பரில் அது தானாக உலர வழியே இல்லை.

எஃகில் அதன் விளைவு இதுதான்: சுட்ட மாலையே துடைக்காவிட்டால், சில நாள் கழித்து உள்ளே விடும் வெள்ளைத் துணி தேயிலைச் சாயம் ஏறியதுபோல வெளியே வரும். துரு வாய்முனை விளிம்பில் பிடித்தால் கேடு அதிகம். பெல்லட் கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது. ஒரு பக்கம் அரித்தால் காற்று அந்தப் பக்கம் முந்தி வெளியேறி பெல்லட்டைச் சாய்த்துவிடும். எண்ணெய் பூசி வைக்கலாம். பூசினால் அடுத்த முறை சுடும் முன் முழுக்கத் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் சில குண்டுகள் தனியாகப் போய் விழும். சில எண்ணெய்கள் ரப்பர் வளையங்களை உப்பவைத்துவிடும் என்பதால் அதிலும் கவனம் வேண்டும். நீலகிரித் தைலம் தடவச் சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தைலம் பிசுக்கை நன்றாக எடுக்கும்; ஆவியாகிப் போய்விடுவதால் காவலுக்கு உதவாது.

பித்தளைக்குத் துரு கிடையாது. நிறம் மங்கும், கவனிக்காமல் கிடந்தால் பச்சை பூக்கும்; எஃகைப்போலச் செதிலாக அரித்துக்கொண்டு போவதில்லை. பெஞ்சமின் 397 போன்ற பழைய பம்ப் ரைஃபிள்களில் புரி வெட்டிய பித்தளைப் பேரலே வந்தது. நான் போட்டதும் பம்ப் செத்துப்போன ஒரு பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றியதுதான். வெளிவிட்டம் பொருந்தாததால் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "தம்பி, புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து தருவது பெரிய வேலை இல்லை. காற்று வருகிற ஓட்டை நேராக நிற்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்றார் பட்டறைக்கார அண்ணன். வேலையின் உயிர் அந்த ஓட்டைதான். வால்விலிருந்து காற்று ஏறும் துளையும் பேரலின் அடித்துளையும் ஒரு நூல் விலகினாலும் காற்று நெரிபடும், காற்றைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெட்டுப்படும். ஒரு மெல்லிய கம்பியை இரண்டு துளைகளிலும் விட்டு, அது உரசாமல் சுழல்வதைப் பார்த்த பிறகே திருகை இறுக்கினேன்.

பித்தளைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எஃகு உருண்டைகளை இதில் ஒருபோதும் போடக்கூடாது, புரி மழுங்கிவிடும். ஈய பெல்லட் மட்டும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவமும் ஆகாது, அது பித்தளையைத் தின்னும். துல்லியத்தில் புது எஃகுப் பேரலை இது வெல்லும் என்று சொல்ல மாட்டேன். என் கையில் இரண்டிலும் குண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கமாகவே விழுகின்றன, என் கை போட்டிக்காரர் கையும் அல்ல. நான் பார்த்தது ஒரு மழைக்காலம் மட்டுமே. அந்த ஒரு மழைக்காலத்தில் சுட்ட பின் உலர்ந்த துணி ஒன்றை இழுத்ததோடு சரி, வேறு பராமரிப்பே செய்யவில்லை. துணி ஈயக் கறுப்போடு மட்டுமே வந்தது.

ஜெர்மனியின் லோதர் வால்தர் போன்ற தடித்த உயர்தரப் பேரலைப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் எஃகுதான், அதே துடைப்பு, அதே எண்ணெய். துப்பாக்கியை மிஞ்சும் விலையும் சேரும்.

மறுவிற்பனையில் பித்தளை தோற்கும். லேத்துக்குப் போய்வந்த துப்பாக்கியை வாங்குபவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதனால் பழைய எஃகுப் பேரலையும் அதன் திருகுகளையும் கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். விற்கும் நாள் வந்தால் அதை மாட்டிக் கொடுத்துவிட்டு, பித்தளையை நானே வைத்துக்கொள்வேன்.